இபாடானில் எட்டுக் கிழமை யோருபா: வீட்டோடு தங்கிப் படிக்கும் ஏற்பாடு கொழும்புக்காரருக்குச் சரிவருமா?

கொழும்பில் இருந்துகொண்டே பன்னிரண்டு கிழமை இணைய வகுப்பு, பிறகு நைஜீரியாவின் இபாடான் நகரில் ஒரு குடும்பத்தோடு எட்டுக் கிழமை. யோருபா என்ற அந்நாட்டு மொழியைக் கற்க விரும்பும் வெளிநாட்டு மாணவருக்காக அங்குள்ள ஒரு சிறிய ஆசிரியர் குழு நடத்தும் ஏற்பாடு இது. குழுவின் பெயர் இங்கே தேவையில்லை. இதே அமைப்பில் வேறு யாரிடம் படிக்கப் போனாலும் பார்க்கவேண்டிய விடயங்கள் இவைதான்.

முடிவை முதலே சொல்லிவிடலாம். வீடும் குசினியும் மேள வகுப்பும் கொடுத்த காசுக்கு மேலே. இணைய வகுப்பு பாதி நன்மை. அச்சடித்துத் தரும் குறிப்புகளைத் திருத்தாமல் வாங்கவே கூடாது. தமிழ் பேசுகிறவருக்கு இந்த மொழியில் சில இடங்கள் பழகிய முற்றம் மாதிரி இருக்கும். சில இடங்களில் காதைப் புதிதாகப் பழக்கவேண்டும். எது எங்கே என்று தெரிந்து போனால் எட்டுக் கிழமை முடியமுன் வீட்டுப் பேச்சும் சந்தைப் பேச்சும் கைக்கு வந்துவிடும்.

காதில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதிகமானோர் தடுக்கி விழுவது அங்கேதான். யோருபா தொனி மொழி. ஒவ்வோர் அசைக்கும் கீழ், நடு, மேல் என்று மூன்றில் ஒன்று உண்டு. அங்குள்ள ஆசிரியர்கள் இதை டோ, ரே, மீ என்று பாடிக் காட்டுவார்கள். சங்கீத வகுப்புக்கு இரண்டு வருடம் போன தமிழ்ப் பிள்ளைக்கு அது ச, ரி, க. சங்கராபரணத்தின் முதல் மூன்று சுரத்தை வாயில் வைத்துக்கொண்டால் போதும், பாதிப் பயம் போய்விடும். ஆளுக்கு ஆள் குரலின் உயரம் மாறும், சுருதிப் பெட்டி போல நிலையாக நிற்காது. முன் அசைக்கு ஏறுகிறதா, இறங்குகிறதா, நேரே போகிறதா என்பதே கணக்கு.

ஒரு சொல்லை எடுத்துப் பாருங்கள்: ஒக்கொ. ரி-ரி என்றால் கணவன். ரி-க என்றால் மண்வெட்டி. ரி-ச என்றால் வாகனம். ச-ச என்றால் ஈட்டி. எழுத்து நாலுக்கும் ஒன்றுதான். பாட்டா என்றால் இலங்கையில் செருப்பு. யோருபாவிலும் ச-ச என்று சொன்னால் பாதணிதான். ச-க என்று ஏற்றினால் அது ஒரு மேளம். இன்னும் நுணுக்கமான இடம் இருக்கிறது. 'ஓ லொ' என்பதில் ஓ நடுவில் நின்றால் 'நீ போனாய்', மேலே ஏறினால் 'அவன் போனான்'. யார் போனார் என்பதையே தொனிதான் சொல்கிறது. ஆகவே சொல்லை முதலில் படித்துவிட்டுத் தொனியைப் பிறகு சேர்க்கலாம் என்ற எண்ணம் சரிவராது. அப்படிப் படித்தவர்கள் ஆறாம் கிழமையில் எல்லாச் சொல்லையும் திரும்பப் படிக்கவேண்டி வரும்.

தமிழர் செய்யும் பிழைக்கு ஒரு தனி வடிவம் இருக்கிறது. நாங்கள் கேள்வி கேட்கும்போது வசனக் கடைசியை உயர்த்துவோம். அந்தப் பழக்கம் கடைசி அசையின் தொனியை அழித்துவிடும். யோருபாவில் கேள்விக்கு முன்னால் 'ஷே' என்று ஒரு சொல் வரும், குரல் உயரவேண்டிய தேவையே இல்லை. இணைய வகுப்பின் முதல் இரண்டு கிழமையில் இதை ஆசிரியர் கவனிக்கவேயில்லை, ஐரோப்பிய மாணவருக்குத் திருத்தும் பிழைகளையே திருத்திக்கொண்டிருந்தார். கேட்டுச் சொன்ன பிறகுதான் மாறியது. வகுப்புத் தொடங்கும்போதே "கேள்வியில் என் கடைசி அசையைப் பாருங்கள்" என்று சொல்லிவைப்பது நல்லது.

உயிரெழுத்திலும் ஒரு பொறி. யோருபாவில் எ இரண்டு, ஒ இரண்டு. எங்களுக்கும் எ-ஏ, ஒ-ஓ என்று இரண்டிரண்டு இருப்பதால், அது குறில், இது நெடில் என்று மனம் உடனே முடிவு கட்டிவிடும். அங்கே வித்தியாசம் நீளத்தில் இல்லை, வாய் திறக்கும் அளவில். திறந்த எ-வுக்கு, 'எலி' என்பதற்கும் 'பேங்க்' என்பதற்கும் நடுவில் வாய் நிற்கவேண்டும். இந்தக் கட்டுரையில் திறந்த ஒலிக்கு எ, ஒ என்றும், மூடிய ஒலிக்கு ஏ, ஓ என்றும் எழுதியிருக்கிறது. வாசிக்க வசதியாக மட்டுமே. இழுத்துச் சொல்லிவிடாதீர்கள். 'ஓவோ' ரி-க என்றால் காசு, 'ஒவொ' ரி-க என்றால் கை. அதே ஒவொ ச-ச ஆனால் மரியாதை, ரி-ச ஆனால் விளக்குமாறு. காசையும் கையையும் மாற்றிச் சொன்னால் சந்தையில் உடனே தெரிந்துவிடும்.

மெய்யெழுத்தில் கஷ்டம் ஒன்றேயொன்று: க்ப (gb). 'ப்' சொல்ல உதடு மூடும், 'க்' சொல்ல நாக்கின் அடி மேலே ஒட்டும். இரண்டையும் ஒன்றாக மூடி ஒன்றாகத் திறக்கவேண்டும். நாங்கள் 'இக்-பா' என்று இரண்டாகப் பிரிப்போம், இல்லாவிட்டால் நடுவில் ஓர் உகரம் போட்டு 'இகுபா' ஆக்குவோம். இரண்டும் பிழை. உதட்டை 'ப'வுக்கு மூடி வைத்துக்கொண்டே உள்ளே 'க' என்று சொல்லப் பாருங்கள், பிறகு விடுங்கள். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை, மூன்று நாளில் வரும். புத்தகத்தில் p என்று தனியாக எழுதியிருப்பதும் உண்மையில் இதன் வலித்த வடிவம்தான் (kp). 'பாட்டா'வில் வருவது b, வெறும் p அந்த மொழியில் இல்லை.

மூக்கொலி உயிர்கள் சுலபம். தமிழ்நாட்டுப் படங்களில் 'வந்தான்' என்பதன் கடைசி ன் முழுதாக மூடாமல் மூக்கோடு கரையும் அல்லவா, அதேதான். யாழ்ப்பாணப் பேச்சு அந்த ன்-னைப் பெரும்பாலும் வடிவாக மூடிவிடும். ஆகவே வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறவர்கள் கொஞ்சம் தளர்த்திச் சொல்லவேண்டும். புணர்ச்சியோ எங்களுக்குப் புதிதே இல்லை. 'ஷே' என்றால் செய், 'இஷெ' என்றால் வேலை, சேர்ந்தால் 'ஷிஷெ'. 'ரா' என்றால் வாங்கு, 'எஜா' என்றால் மீன், சேர்ந்தால் 'ரெஜா'. வெள்ளைக்கார மாணவர்கள் சொல் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருக்கையில் தமிழ்ப் பிள்ளை பிரித்துப் பதம் காட்டும்.

இப்போது குறிப்புகள். குழு தரும் எண்பது பக்கக் கொப்பியில் பாதிக்கு மேல் தொனிக் குறியே இல்லை. காரணம் விளங்கக்கூடியதுதான். அங்குள்ளவர்கள் வாட்ஸ்அப்பில் குறி போடுவதில்லை. பத்திரிகைகளிலும் பல நேரம் முழுதாகப் போடுவதில்லை. சொல் தெரிந்தவருக்குக் குறி தேவையில்லை. ஆனால் வெளிநாட்டு மாணவருக்குக் குறியில்லாத யோருபா, புள்ளியில்லாத ஓலைச்சுவடி மாதிரி. காசு கட்டுமுன் மாதிரிப் பக்கம் இரண்டு கேளுங்கள். யோருபாவை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவார்கள். மேலே சாய்கோடுகளும், e, o, s எழுத்துகளின் கீழே தேவையான இடத்தில் புள்ளிகளும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் குறிபோட்ட பிரதி தரும்படி ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். தொலைபேசியில் ஜிபோர்டில் யோருபா விசைப்பலகை உண்டு, அதில் நீங்களே குறிபோட்டு எழுதிப் பழகலாம். கூடுதல் பயிற்சிக்கு, அமெரிக்க வெளிநாட்டுச் சேவைக் கழகம் 1963-இல் வெளியிட்ட யோருபா அடிப்படைப் பாடம் ஒலிப்பதிவோடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பேச்சு பழையது. தொனிக்குக் காது பழக அது இன்றைக்கும் உதவும்.

இணைய வகுப்பின் நேரம் கொழும்புக்கு வசதி. இபாடான் எங்களைவிட நாலரை மணித்தியாலம் பின்னால். இங்கே இரவு ஏழரை என்றால் அங்கே பிற்பகல் மூன்று. வேலை முடிந்து வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் வந்து சேர்ந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு உட்காரலாம். கிழமைக்கு மூன்று மணித்தியாலம், மொத்தம் 36. குறை என்னவென்றால் அங்கே மின்சாரம் அடிக்கடி போகும். மூன்றில் ஒரு வகுப்பு நடுவில் அறுந்தது. வகுப்பு அறுந்தால் அந்தப் பாடத்தை அன்றிரவே குரல்பதிவாக அனுப்பவேண்டும் என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். உண்மையில் அந்தக் குரல்பதிவுகள் நேரடி வகுப்பைவிடப் பயன்பட்டன. பத்துத் தடவை திரும்பக் கேட்கலாம், பஸ்ஸிலேயே கேட்கலாம்.

இனி வீடு. இந்த ஏற்பாட்டின் உயிர் இங்கேதான்.

யோருபா வீட்டில் வணக்கம் சொல்வது ஒரு வேலை, அதற்குத் தனி அறிவு வேண்டும். காலையில் 'எ காரொ', மத்தியானம் 'எ காசான்', நாலு மணிக்குப் பிறகு 'எ கூரொலெ', இருட்டினால் 'எ காலெ'. இது அரிச்சுவடி. அதற்கு மேல், ஆள் என்ன நிலையில் இருக்கிறார் என்று பார்த்து வாழ்த்தவேண்டும். வேலை செய்துகொண்டிருப்பவருக்கு 'எ கு இஷெ'. உட்கார்ந்திருப்பவர்களுக்கு 'எ கு இஜோகோ'. நடந்து களைத்து வருபவருக்கு 'எ கு இரின்'. மழையில் 'எ கு ஓஜோ'. வெளியே போய் வந்தவர் வீட்டிலிருந்தவருக்குச் சொல்வது 'எ கு இலே', வந்தவருக்கு வீட்டிலிருப்பவர் சொல்வது 'எ காபொ'. கலியாணம், நாற்பதாம் நாள் என்று செலவழித்தவருக்குக்கூட 'எ கு இனாவோ' என்று உண்டு, செலவு செய்த பாட்டை மதித்துச் சொல்வது. கொஞ்ச நாள் காணாதவருக்கு 'எ கு ஒஜொ மெத்தா', அதாவது மூன்று நாளாயிற்றே. மூன்று மாதமானாலும் மூன்று நாள்தான்.

இணைய வகுப்பு இவற்றில் ஆறை மட்டும் சொல்லித் தந்தது. வீட்டில் முதல் கிழமையிலேயே இருபதுக்கு மேல் தேவைப்படும். அறைக்குள் நுழைந்து, உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை வாழ்த்தாமல் குசினிக்குப் போனால் கோபத்தில் இருக்கிறார் என்று நினைப்பார்கள். சின்னவர்தான் முதலில் வாழ்த்தவேண்டும். பயணத்துக்கு முன் முப்பது வாழ்த்துகளை நிலைமையோடு சேர்த்து மனனம் செய்துவிடுங்கள். வேறொன்றும் தெரியாமல் இதை மட்டும் தெரிந்து போனவரைக்கூட அந்த வீடு அணைத்துக்கொள்ளும்.

வாழ்த்தோடு உடம்பும் சேரும். பெண் முழந்தாள் மடித்துக் குனிவது, ஆண் நெடுஞ்சாண்கிடையாக விழுவது. முழு விழுதல் சடங்கு நாளிலும் பெரிய மனிதருக்கு முன்னாலும். அன்றாடம் ஆண் இடுப்பை மடித்து வலக்கையால் நிலத்தைத் தொடுவது போலக் குனிந்தால் போதும். எங்களுக்குக் காலில் விழுவது கலியாணத்திலும் வருடப்பிறப்பிலும். அங்கே அது காலைப் பல் விளக்குவது மாதிரித் தினசரி. கிறிஸ்தவ வீடானாலும் முஸ்லிம் வீடானாலும் ஒன்றுதான், வழிபாடு என்று தயங்கவேண்டாம். ஒரே குடும்பத்தில் இரண்டு சமயமும் இருப்பது அங்கே சாதாரணம். இடக்கையால் எதையும் நீட்டக்கூடாது என்பதைத் தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை.

'பெலெ' என்ற சொல்லை மட்டும் பிழையாக விளங்கிக்கொள்ளாதீர்கள். நீங்கள் படியில் தடுக்கினால் பக்கத்தில் நிற்கிறவர், எந்தத் தொடர்பும் இல்லாதவர், 'எ பெலெ' என்பார். மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் 'அடடா, பாத்து' என்பது அது. விடைபெறும்போது 'ஓ டாபொ'. பிரித்துப் பார்த்தால் 'திரும்பி வரும்வரை'. 'போயிட்டு வாறன்' என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இதைவிட இனிமையான சொல் வேறு கிடைக்காது.

மரியாதைப் பன்மை எங்களுடையதேதான். ஒருவருக்கு 'ஓ' என்றால் நீ, 'எ' என்றால் நீங்கள். பெரியவர் ஒருவரைப் பற்றிப் பேசும்போது 'வொன்', அதாவது அவர்கள். இங்கிலாந்து மாணவர் இதைப் பிடிக்க ஒரு மாதம் எடுக்கும், தமிழருக்கு ஒரு நாள். எங்கள் 'நீர்' என்ற நடுப்படிக்கு மட்டும் அங்கே இடமில்லை. சந்தேகமென்றால் 'எ' போடுங்கள். அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே 'ஓ' தான், மேல் தொனியில். உறவுச் சொல்லில் ஒரு திருப்பம் இருக்கிறது. நாங்கள் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்று வயதையும் பாலையும் சேர்த்துக் கேட்போம். யோருபாவில் 'எக்பொன்' என்றால் மூத்தது, 'அபூரோ' என்றால் இளையது, ஆணா பெண்ணா என்று அந்தச் சொல் சொல்லாது. ஆகவே வீட்டுக்குப் போன முதல் நாளே யார் யாருக்கு மூத்தவர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அது தெரியாமல் ஒரு வசனமும் சரியாக வராது. வீட்டுத் தலைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. மூத்த பிள்ளையின் பெயரோடு 'இயா' சேர்த்து இன்னாரின் அம்மா என்பார்கள், எங்கள் ஊரிலும் அப்படித்தானே.

வாக்கிய ஒழுங்கு மாறும், வினை நடுவில் வரும். 'வா' என்றால் அங்கேயும் வா. தற்செயல்தான், ஆனால் மறக்கவே மறக்காது. மேல் தொனியில் சொல்லவேண்டும், கீழே இறக்கினால் 'இருக்கிறது' ஆகிவிடும். 'மு இவே வா' என்றால் புத்தகத்தை எடுத்து வா. எடுத்தலும் வருதலும் இரண்டு வினை அடுத்தடுத்து, நடுவில் பொருள். 'கொண்டு வா' என்ற எங்கள் வழக்கத்தின் அண்ணன் தம்பி. வினைக்கு விகுதியே கிடையாது, நான் நீ அவர் எல்லாவற்றுக்கும் ஒரே உருவம். இலக்கணத்துக்கு இதற்கு மேல் பயப்படத் தேவையில்லை.

வீட்டைத் தெரிவதில்தான் குழு ஒரு பெரிய பிழை விடுகிறது. வசதியான, படித்த, இளம் குடும்பங்களாகப் பார்த்துப் போடுகிறார்கள். அறை நல்லது, குளியலறை நல்லது, ஆனால் எல்லோரும் ஆங்கிலத்தில் பேசுவார்கள். விருந்தாளிக்குக் கஷ்டம் கொடுக்கக்கூடாது என்ற அன்பில்தான். எட்டுக் கிழமை அப்படிப் போனால் காசு கரைந்ததுதான் மிச்சம். ஆங்கிலம் அதிகம் தெரியாத ஒரு பாட்டியும், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளும் இருக்கும் வீடு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டால் மாற்றித் தருகிறார்கள். பாட்டி பிழையைத் திருத்தமாட்டார், விளங்காததுபோல் பார்ப்பார், அந்தப் பார்வையே போதும். பிள்ளைகளோ கூசாமல் திருத்துவார்கள். 'எ ஜொ, எ பா மி சொ யோருபா' (தயவுசெய்து என்னோடு யோருபாவில் பேசுங்கள்) என்பதை முதல் நாளே சொல்லி, திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். 'சொ' என்றால் சொல், நினைவில் வைக்கச் சிரமமில்லை.

லாகோஸைவிட இபாடான் நல்ல தெரிவு. லாகோஸ் என்ற பெருநகரில் ஆங்கிலமும் பிஜின் என்ற கலப்பு ஆங்கிலமும் எங்கும் கலந்திருக்கும். எழுத்து யோருபாவுக்கு அடிப்படை ஒயொ-இபாடான் பக்கத்துப் பேச்சு. இபாடான்காரர் சிலர் ஷ வரும் இடத்தில் ஸ சொல்வார்கள், 'இஷு' என்ற கிழங்கு 'இஸு' ஆகும். அதைக் கேட்டுக் குழம்பவேண்டாம், நீங்கள் ஷ சொல்லுங்கள். தெருவில் பிள்ளைகள் 'ஓயின்போ' என்று கூப்பிடுவார்கள். வெளிநாட்டவர் என்று அர்த்தம், வசவு இல்லை.

குசினியை வகுப்பு நேரமாகவே அட்டவணையில் போட்டிருப்பது இந்தக் குழு செய்த மிகச் சிறந்த வேலை. கிழமைக்கு மூன்று பின்னேரம். காரணம் இது: பிட்டு அவிப்போம், அப்பம் சுடுவோம், களி கிண்டுவோம், இடியப்பம் பிழிவோம் என்று எங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை இருக்கிற மாதிரியே அங்கேயும். அமாலாவை 'ரோ' (கிண்டு), இயான் என்ற கிழங்குக் களியை 'குன்' (இடி), எபா என்ற மரவள்ளிக் களியை 'தெ' (அழுத்திப் பிசை), குழம்பை 'சே' (சமை), வாழைக்காயை 'டின்' (பொரி). எல்லாவற்றுக்கும் ஒரே வினையைப் போட்டால் சிரிப்பார்கள். தமிழர் யாரும் 'இடியப்பம் சமைத்தேன்' என்றால் நாங்கள் பார்க்கும் பார்வைதான்.

அமாலா என்பது காயவைத்த இஷுக் கிழங்கு மாவில் கிண்டுவது, கபிலம் கலந்த கறுப்பு நிறம். ஒடியல் மாக் கண்டு வளர்ந்தவருக்கு அந்த நிறம் பயம் தராது. ஒரு கப் மாவுக்கு ஏறத்தாழ இரண்டு கப் தண்ணீர். தண்ணீர் நன்றாகக் கொதிக்கவேண்டும். நெருப்பைக் குறைத்து மாவைத் தூவித் தூவி, ஓரோகுன் என்ற மரத் துடுப்பால் நிறுத்தாமல் கிண்டவேண்டும். மாவை ஒரேயடியாகக் கொட்டினாலோ தண்ணீர் கொதிக்காமல் இருந்தாலோ கட்டி விழும், விழுந்த கட்டி பிறகு உடையாது. பாத்திரத்தின் ஓரத்தோடு நசித்து நசித்துக் கிண்டுவது அதற்குத்தான். பிறகு இரண்டு மேசைக்கரண்டி சுடுதண்ணீர் விட்டு மூடி, இரண்டு மூன்று நிமிடம் ஆவியில் விட்டு மறுபடி கிண்டி எடுப்பது. ஏவேடு என்ற வழுவழுப்பான இலைக் குழம்பும், க்பெகிரி என்ற கௌபிக் குழம்பும் மேலே வரும். வலக்கை விரலால் கிள்ளி, உருட்டி, தோய்த்து, மெல்லாமல் விழுங்குவது. வெண்டிக்காய் வழுவழுப்பு பிடிக்காதவர்கள் மெல்ல மெல்லப் பழகுங்கள். கொழும்பிலேயே ஒத்திகை பார்க்கலாம்: பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் கடையில் ஒடியல் மா வாங்கிக் கிண்டிப் பாருங்கள். சுவை வேறு, கையின் வேலை ஒன்று.

எங்கள் இராசவள்ளிக் கிழங்கு அங்கேயும் இருக்கிறது, பெயர் எவுரா. அக்காரா என்பது தோல் உரித்த கௌபி அரைத்துப் பொரிப்பது, காலையில் தெருவில் சுடச்சுட. வடை இல்லாத ஏக்கத்துக்கு மருந்து. சைவக்காரர் மட்டும் முதலிலேயே தெளிவாகச் சொல்லவேண்டும். 'இறைச்சி வேண்டாம்' என்றால் காய்ந்த மீனும் கூனியும் போட்ட குழம்பு வரும், அதை அங்கே இறைச்சிக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. மீன், கூனி, மாட்டுத்தோல் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விலக்கவேண்டும்.

மேள வகுப்பு கிழமைக்கு ஒன்று, ஒன்றரை மணித்தியாலம். இதைப் பொழுதுபோக்கு என்று விட்டுவிடாதீர்கள். டுன்டுன் எங்கள் உடுக்குப் போல இடை ஒடுங்கிய மேளம், கக்கத்தில் இடுக்கி வார்களை அழுத்தினால் தோல் இறுகிச் சுரம் ஏறும், விட்டால் இறங்கும். வளைந்த குச்சியால் அடிப்பது. பேசும் மேளம் என்பது இதுதான், வசனத்தின் தொனியை அப்படியே அடிக்கும். ஆசிரியர் ஒரு வாழ்த்தை மேளத்தில் அடிப்பார், மாணவர் எது என்று சொல்லவேண்டும். எழுத்தும் உயிரும் மெய்யும் எல்லாம் கழன்று ச-ரி-க மட்டும் காதில் விழும். வகுப்பறையில் மூன்று கிழமை பிடிபடாத தொனி இங்கே இரண்டு அமர்வில் பிடிபட்டது. குழு இதை நாலாம் கிழமையில் தொடங்குகிறது, அது பிந்தல். முதல் கிழமையிலேயே தொடங்கும்படி கேளுங்கள்.

சந்தைக்குப் போகுமுன் எண். யோருபா எண்கள் இருபது இருபதாக எண்ணும், கழித்தும் சொல்லும். பதினொன்று முதல் பதினாலு வரை பத்தோடு கூட்டல். பதினைந்து, இருபதில் ஐந்து குறைய. பத்தொன்பது, இருபதில் ஒன்று குறைய. நாற்பது இரண்டு இருபது, ஐம்பது அறுபதில் பத்துக் குறைய. நாற்பத்தைந்து என்றால் ஐம்பதில் ஐந்து குறைய, அந்த ஐம்பதே அறுபதில் பத்துக் குறைந்தது. தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று மேல் எண்ணின் பெயரைக் கீழே இழுத்துக்கொண்டு எண்ணும் எங்களுக்கு இந்த மனம் விளங்கும், வேகம் வரத்தான் நாளாகும். கடைக்காரர் பெரிய தொகையை ஆங்கிலத்திலும் சொல்வார். ஆனாலும் 'ஏலோ நி?' (எவ்வளவு?) என்று நீங்கள் தொடங்கி, 'ஓ வொன் ஜு' (விலை அதிகம்) என்று சொன்னால் பேச்சின் சூடே மாறிவிடும். போடிஜா சந்தையில் காலை எட்டு மணிக்கு முன் போனால் கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும்.

ஓகஸ்ட்டில் அங்கே இருந்தால் ஓஷோக்போ நகரில் ஒஷுன் என்ற ஆற்றுத் தெய்வத்தின் திருவிழா வரும். அந்த ஆற்றங்கரைத் தோப்பு 2005-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. யூலை கடைசியும் ஓகஸ்ட்டும் மழை கொஞ்சம் ஓயும் காலம், பயணத்துக்கும் அதுவே நல்லது.

காசு விடயம் சுருக்கமாக. 2023 மே மாதம் பெற்றோல் மானியம் நீக்கப்பட்ட பிறகு ஜெனரேட்டர் ஓட்டும் செலவு அங்கே பெரிய செலவு. குழுவின் கட்டணத்தில் எரிபொருள் சேர்ந்திருக்கவில்லை, நடுவில் வீட்டுக்காரர் கேட்கவேண்டி வந்தது, இரண்டு பக்கத்துக்கும் சங்கடம். 'தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, ஒரு நாளைக்கு இத்தனை மணித்தியாலம் ஜெனரேட்டர்' என்று எழுத்தில் வாங்குங்கள். கட்டணத்தை இரண்டாகப் பிரித்து, பின்பாதியை வீடு சரியென்று கண்ட இரண்டாம் கிழமை முடிவில் கட்டுவதாகப் பேசுங்கள். சதுர முள் மூன்றுள்ள எங்கள் ப்ளக் அங்கேயும் பொருந்தும், மாற்றி வாங்கத் தேவையில்லை. மின்வெட்டுக்கு ஒரு நல்ல பவர் பேங்க் கட்டாயம்.

உடல்நலம்: மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம், போய்ச் சேருவதற்குப் பத்து நாளாவது முன்னதாகப் போட்டிருக்கவேண்டும். பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் போடுகிறார்கள். சான்றிதழ் அட்டையைத் திரும்பி வரும்போதும் கையில் வையுங்கள், கட்டுநாயக்கவில் கேட்பார்கள். மலேரியா தடுப்பு மாத்திரையை நாரஹேன்பிட்டியிலுள்ள மலேரியாத் தடுப்பு இயக்கம் பயணிகளுக்கு இலவசமாகவே தருகிறது. புறப்பட இரண்டு மூன்று கிழமைக்கு முன் போங்கள். எந்த மாத்திரையானாலும் திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள்வரை விழுங்கி முடிக்கவேண்டும், பலர் விமானத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சான்று தந்தது. நுளம்பு இன்னும் இருக்கிறது, ஆகவே வெளியே இருந்து வரும் ஒரு காய்ச்சல் இங்கே திரும்பப் பரவலாம். வந்த ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் கண்டால் டெங்கு என்று வீட்டில் கிடக்காமல், டொக்டரிடம் முதல் வசனமாக "நைஜீரியா போய் வந்தனான்" என்று சொல்லி இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.